முடி கொடுத்த கை

அம்மா குலதெய்வத்துக்கு மொட்டை போட்டுக்கொண்டாள் என்று தெருவில் சொன்னது நான்தான். அப்போது நான் ஆறாம் வகுப்பு. வீடு முத்தியால்பேட்டையில்.

உண்மையில் அந்த முடியை எடுத்தது அப்பா, தன் தாடி ட்ரிம்மரால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். அதற்குச் சில வாரம் முன்பு கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் அம்மாவின் மார்பிலிருந்து ஒரு கட்டியை எடுத்திருந்தார்கள். தெருவில் கேட்டவர்களிடம் அப்பா, "சாதாரணக் கட்டிதான், எடுத்தாச்சு" என்று சொல்லிவைத்திருந்தார். ஆக, முதல் பொய் என்னுடையது அல்ல. எனக்குச் சலுகை வேண்டி இதைச் சொல்லவில்லை. நடந்த வரிசை அது.

கட்டியை எடுத்த பிறகு கீமோ போட்டுக்கொண்டால் நோய் திரும்பி வருவதற்கான வாய்ப்பு குறையும், மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு ஊசி என்று டாக்டரம்மா சொன்னார். அம்மா பத்து நாள் பதில் சொல்லவில்லை. கட்டிதான் போய்விட்டதே, இன்னும் எதற்கு என்பது அவள் கேள்வி. அப்பா தெரிந்தவர்கள் எல்லோரிடமும் யோசனை கேட்டார். அம்மா என்னிடம் மட்டும் கேட்டாள், எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது.

"முடியெல்லாம் கொட்டிடுமாம்டி. போட்டுக்கட்டா, வேணாமா?"

பள்ளி ஆண்டு விழாவுக்கு அம்மா வருவாளே என்று யோசித்து, "திரும்ப வளர எவ்ளோ நாள் ஆகும்?" என்று கேட்டேன். அம்மா சிரித்தாள். பின்னி முடித்து ரிப்பன் கட்டினாள். மறுநாள் போய்ச் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.

முதல் ஊசிக்குப் பிறகு மூன்று நாள் வாந்தி. வாயெல்லாம் புண். தண்ணீர்கூட இரும்பு மாதிரி இருக்கிறது என்றாள். தாளிக்கும் வாசனை ஆகாததால் அப்பா மொட்டை மாடியில் அடுப்பு வைத்துச் சமைத்தார். ரத்தத்தில் வெள்ளை அணு குறைந்திருக்கும், சளி காய்ச்சலோடு யாரும் கிட்டே வரக் கூடாது என்று டாக்டரம்மா என்னையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார்.

இரண்டாவது ஊசி போட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் அம்மா தலையில் முக்காடு போட்டிருந்தாள். அது காற்றில் விலகியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பின்வரிசையில் இருந்தேன். அம்மாவின் பக்கத்து இடம் வீடு வரை காலியாகவே வந்தது. நானும் போய் உட்காரவில்லை.

அன்று சாயங்காலம் எதிர் வீட்டு அத்தை, "உங்கம்மா ஏன்டி முக்காடு போட்டுனு இருக்காங்க?" என்று கேட்டார்.

"குலதெய்வத்துக்கு மொட்டை. கட்டி போனதுக்கு வேண்டுதல்" என்றேன்.

அத்தை உடனே வந்து எங்கள் வாசலில் நின்றார். "நுனியில கொஞ்சம் பூமுடி குடுத்தா போதாதாக்கா? மொத்தத்தையும் தூக்கிக் குடுத்துட்டீங்களே. சாமிக்கே கூச்சமா இருந்திருக்கும்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "குடுக்கணும்னு தோணுச்சு, குடுத்துட்டேன்" என்றாள்.

பத்து நாள் கழித்து அத்தை தன் ஒன்றரை வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பிள்ளைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"ரெண்டு நாளா காய்ச்சல்க்கா. மருந்துக்கு அடங்கல. வேண்டுதல் பலிச்சு முடி குடுத்த கை உங்களது. நெத்தியில விபூதி வெச்சு வுடுங்க."

"நான் எதுக்கும்மா? கோயிலுக்குத் தூக்கினு போயேன்."

"ரொம்பத்தான் பிகு பண்றீங்க. மொட்ட போட்டதும் பெரிய மனுசி ஆயிட்டீங்களா?" என்று சிரித்தபடி அத்தை பிள்ளையை நீட்டினார்.

ஒரு வாக்கியம் போதும். அம்மாவுக்குக் கீமோ போடுகிறார்கள், கிட்டே வராதீங்க. அதைச் சொல்ல எனக்குத் தெரியும். சொன்னால் என் பொய் வெளியாகும். அந்த பஸ் பெண்ணைப் போல இந்தத் தெருவும் எழுந்து போய்விடும். அம்மா மறுபடி என்னைப் பார்த்தாள். இந்த முறை சற்று நேரம் பார்த்தாள். நான் சாமி அலமாரியிலிருந்து விபூதித் தட்டை எடுத்துவந்து நீட்டினேன்.

பிள்ளை அம்மாவின் மடியில் கால் மணி நேரம் இருந்தது. அவள் முகத்துக்கு நேராக இரண்டு முறை இருமியது.

மறுநாளே பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. அத்தை தெரு முழுக்கச் சொன்னார். மூன்றாம் நாள் அம்மாவுக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது. கோரிமேட்டில் ஒரு வாரம் தனி அறையில் வைத்திருந்தார்கள். மூன்றாவது ஊசி தள்ளிப்போனது. "போதும்ங்க, இனிமே வேணாம். எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிடலாம்" என்று அம்மா சொன்னாளாம். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாராம்.

அந்த வாரக் கடைசியில் என்னை அழைத்துப்போனார்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு அறை வாசலில் நின்றேன். டாக்டரம்மா கேஸ் ஷீட்டைப் புரட்டியபடி கேட்டார்: "வீட்டுக்கு யாராச்சும் காய்ச்சலோட வந்தாங்களாம்மா?"

"இல்லைங்க டாக்டர். யாரும் வரல. எம்பொண்ணு யாரையும் கிட்ட விடமாட்டா."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "குட் கேர்ள்" என்றார். பிறகு அம்மாவிடம், "அப்ப மேற்கொண்டு வேணாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே, "இல்லைங்க, போட்டுக்கறேன். மிச்சம் நாலும் போட்டுடுங்க" என்றாள்.

போட்டுக்கொண்டாள். இன்றும் வருடத்துக்கு ஒரு முறை கோரிமேட்டுக்குப் பரிசோதனைக்குப் போய்வருகிறாள். அந்தக் காய்ச்சலோடு ஊசியை நிறுத்தி, நோயும் திரும்பிவந்தால், தன்னால்தான் என்று நினைத்து மகள் என்ன ஆவாள் என்று அவள் அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு யோசித்திருக்க வேண்டும். எனக்கு அப்போது அதெல்லாம் எட்டவில்லை. இந்த மருந்தால் சிலருக்கு மறதி வரும் என்று நர்ஸ் ஒருவர் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது மட்டும் காதில் விழுந்தது. எதிர் வீட்டுப் பிள்ளை வந்துபோனது அம்மாவுக்கு மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நல்லவேளை என்று இருந்தது.