சிலுவைக்கு ஒரு லேயர்

கோட்டாறில் என் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது, "சும்மா ஒரு சின்ன வேலைதான்." அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாணக் கார்டு, பதினாறாம் நாள் அடியந்திரக் கார்டு, கோயில் கொடை நோட்டீஸ், சிலுவை நட்ட குருசடித் திருவிழா நோட்டீஸ் எல்லாமே அவர்களுக்குச் சின்ன வேலைதான். எல்லாம் முடித்து வைத்த பிறகு, விட்டுப்போன தாய்மாமன் ஒருவரை நடுவில் செருகச் சொல்வார்கள். அவரைச் செருகினால் கீழே இருக்கிற அத்தனை பேரும் சரிந்து அடுத்த பக்கத்துக்குப் போவார்கள். "கம்ப்யூட்டர்லதான செய்யுதிய, தட்டினா வந்திரும்லா?" என்பார்கள். தட்டினால் வருவதற்கு அது என்ன கதவா?

ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் மேல் எனக்குப் பிரியம் உண்டு. வாயால் சவமே, மூதேவி என்று நாள் முழுக்கத் திட்டுவேன், அது வேறு. பக்கம் அமைக்கும் மென்பொருளில் எழுத்துக்கு ஒரு பெட்டி, படத்துக்கு ஒரு பெட்டி. பெட்டியில் கொள்ளாத எழுத்து உள்ளேயே ஒளிந்துகொண்டு ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டும். இரண்டு பெயர்களை ஒரே உயரத்தில் நிறுத்து என்றால் நிறுத்தும், மயிரிழை பிசகாது. இதைக் கண்டுபிடித்தவன் யாரோ, அவன் வீட்டிலும் சம்பந்தக்காரர்கள் சண்டை போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இவ்வளவு அக்கறை வராது.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு வார்ப்பு, அதாவது பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்கிற மாதிரிப் பக்கம், செய்து வைத்திருக்கிறேன். அய்யாவழிக்காரர்களுக்கு மேலே தாமரையும் நாமமும். கடற்கரைக் கத்தோலிக்கர்களுக்கு மேலே மாதா படம், அதன்கீழ் ஒரு வசனம், அப்புறம் இடப்பக்கம் மாப்பிள்ளை வீட்டார், வலப்பக்கம் பெண் வீட்டார். இரண்டு தகப்பன்மார் பெயரும் எதிரெதிரே ஒரே வரியில் நிற்கணும். ஒருவர் அரை வரி இறங்கினாலும் கார்டைக் கொண்டுவந்து மேசையில் போடுவார்கள். குடும்பத்தில் இறந்தவர் பெயர் வந்தால் அதன் முன்னால் சின்னதாக ஒரு சிலுவை போடுவது வழக்கம். கார்டை வாங்குகிறவர்கள் முதலில் அந்தச் சிலுவைகளைத்தான் பார்ப்பார்கள்.

போன வருஷம் ஒரு கடற்கரைப் பெண்ணின் கல்யாணக் கார்டு வந்தது. விவரத்தைப் போனில் அனுப்பியவர் பெண்ணின் சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி. போனில் சிலுவை எங்கே இருக்கிறதென்று தெரியாமல் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் கூட்டல் குறியைத் தட்டி அனுப்புவார்கள். அவரும் அப்படித்தான் அண்ணன் பெயருக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி போட்டிருந்தார். எனக்கு அது பழக்கம். கூட்டலை எடுத்துவிட்டுச் சிலுவையை வைத்தேன். பெயர் கொஞ்சம் நீளம், பெட்டியோ சிறிது. சிலுவை வந்ததும் பெயர் தள்ளிப்போய், பாதி கீழ்வரியில் விழுந்தது. மாதிரிதானே, பார்த்துவிட்டுச் சொல்லட்டும், அப்புறம் சரிசெய்யலாம் என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் பெண்ணும் அவள் அம்மாவும் கடைக்கு வந்தார்கள். பெண் நர்சிங் படித்தவள், நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. அம்மா மீன் விற்கிறவர். வெள்ளைச் சேலை இல்லை, நல்ல பச்சையில் பூப்போட்ட சேலை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. திரையில் கார்டைத் திறந்ததும் தன் வீட்டுப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு என்னிடம் கேட்டார்:

"மோளே, அவியள எதுக்கு இப்பிடித் தள்ளி விட்டிருக்கிய?"

"யாரக்கா?"

"எங்க வீட்டுக்காரர. பாரு, மாப்பிள வீட்டுக்காரரு நேரா நிக்காரு. இவிய பேரு பாதி கீழ கெடக்கு. சிலுவ தள்ளுது."

அதைச் சரிசெய்யலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "சிலுவய எடு," என்றார். "அது வேண்டாம்."

பெண் என்னைப் பார்த்தாள். நான் பெண்ணைப் பார்த்தேன். அவள் குரலைத் தாழ்த்திச் சொன்ன பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் அவள் அப்பா கடலுக்குப் போயிருக்கிறார். வள்ளம் திரும்பவில்லை. ஐஸ் பெட்டி மட்டும் கேரளக் கரையில் ஒதுங்கியது. ஆள் ஒதுங்கவில்லை. ஊரில் ஆத்துமத்துக்குப் பூசை வைத்தார்கள், அம்மா அதற்குப் போகவில்லை. செத்ததை யார் பார்த்தா என்று கேட்டாராம்.

"அம்மா, சிலுவ இல்லன்னா மாப்பிள வீட்டுல கேப்பாவம்மா," என்றாள் பெண்.

"கேக்கட்டும். சிலுவ போட்டா நா கோயிலுக்கு வரமாட்டேன். சித்தப்பாவும் சித்தியும் நின்னு கெட்டி வைக்கட்டும்."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் படியிறங்கிப் போய்விட்டார். எதிரே பழக்கடை ஓரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா போனில் கூப்பிட்டார். கார்டை உடனே அச்சுக்கு அனுப்பணுமாம், சிவகாசியில் அட்டை தயாராக இருக்கிறதாம். "மைனி என்னவாவது சொல்லும், நீங்க அத எடுக்காண்டாம். சிலுவயோட அனுப்புங்க. சின்ன வேலதான?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "சின்ன வேலையா? ஒங்க மைனி கல்யாணத்துக்கே வரமாட்டேன்னு தெருவுல நிக்காவ. ஒங்களுக்கு அட்டதான் பெருசா?" என்று கத்திவிட்டேன். அப்புறம் அவர் அழுகிற குரலில் சொன்னார்: "எனக்கு மட்டும் ஆசயா? எனக்க அண்ணன்லா. சிலுவ போடலன்னா ஊரு என்ன பேசும் தெரியுமா? ஆளு எங்கியோ போயிட்டான், பொண்டாட்டி பிள்ளய விட்டுட்டு ஓடிட்டான்னு பேசும். கார்டு மாப்பிள வீட்டுப் பக்கம் நாலு ஊருக்குப் போவுது. எங்க வெவரம் தெரியாதவன் என்ன நெனப்பான்?"

இது எனக்கு அதுவரை தோன்றவில்லை.

போனை வைத்ததும் பெண் அழ ஆரம்பித்தாள். "அக்கா, எனக்குச் சிலுவ இருந்தாலும் சரி, இல்லேன்னாலும் சரி. அம்மா வந்து எனக்க பக்கத்துல நிக்கணும். அவ்வளவுதான்." துடைத்துக்கொள்ள என்னிடம் இருந்தது மை துடைக்கிற துணிதான். நல்லவேளை, அவள் பையிலேயே கைக்குட்டை இருந்தது. நாளைக்கு அம்மாவைத் தனியாக அனுப்பு என்று சொல்லி அனுப்பினேன். என்ன செய்யப்போகிறேன் என்று அப்போது எனக்கும் தெரியாது.

அவர்கள் போன பிறகு அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா முதலில் சொன்னது சிலுவை வேண்டாம் என்று அல்ல. தள்ளி விட்டிருக்கிறீர்கள் என்றுதான். அதுதான் என் காதில் நின்றது. சிலுவையை எழுத்தோடு எழுத்தாக வரியில் வைத்தால் அது தனக்கு இடம் கேட்கும், பெயரைத் தள்ளத்தான் செய்யும். வரியிலிருந்து அதை வெளியே எடுத்தால்?

பக்கம் அமைக்கும் மென்பொருளில் லேயர் என்று ஒன்று உண்டு. ஒரு படத்தின் மேல் பாலித்தீன் தாளை விரித்து, அந்தத் தாளில் எழுதுகிற மாதிரி. தாளை எடுத்துவிட்டாலும் அடியில் இருக்கிற படம் அப்படியே இருக்கும். லேயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கண் படம் இருக்கும். அதை அமுக்கினால் அந்தத் தாள் மட்டும் மறையும், மறுபடி அமுக்கினால் தெரியும். நான் வரியிலிருந்து சிலுவையை எடுத்தேன். பெயர் மேலே ஏறி, மாப்பிள்ளையின் அப்பாவுக்கு நேர் எதிரே முழுசாக வந்து நின்றது. பிறகு புதிதாக ஒரு லேயர் போட்டு, பெயருக்கு வெளியே, ஓரத்தில் சும்மா கிடந்த வெள்ளையில் சிலுவையை வைத்து, அந்தக் கண் படத்தை அமுக்கி மறைத்துவிட்டேன்.

மறுநாள் அம்மா தனியாக வந்தார். மீன் விற்று முடித்து வந்த கையோடு, வாசலில் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார். கம்ப்யூட்டர் மெதுவாகத் திறந்தது. பழக்கதோஷத்தில் "சவமே, சீக்கிரம் தெறயேன்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. என் நாற்காலியை இழுத்து அவரை உட்காரவைத்தேன். இந்தமுறை உட்கார்ந்தார்.

"இப்பம் நேரா நிக்காவளா பாருங்க அக்கா."

குனிந்து பார்த்தார். "நிக்காவ," என்றார். "சிலுவ எங்க?"

மௌஸைப் பிடித்து அவர் கையில் கொடுத்து, அந்தக் கண் படத்தின் மேல் அம்பைக் கொண்டுபோய் நிறுத்தினேன். "இத அமுக்குங்க."

அமுக்கினார். சிலுவை வந்தது. பயந்து கையை எடுத்தார். "இன்னொருக்க அமுக்குங்க, போயிரும்," என்றேன். அமுக்கினார், போனது. மறுபடி அமுக்கினார், வந்தது. வாடிக்கையாளர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார், அப்புறம் வாருங்கள் என்று நான் சைகை காட்டினேன். அம்மா அமுக்கிக்கொண்டே இருந்தார். சிலுவை வருவதையும் போவதையும் அவர் பார்க்கவில்லை. அவர் கண் பெயர் மேலேயே இருந்தது.

"பேரு அசையல்லியே," என்றார்.

"அசையாது அக்கா. சிலுவ தனியா இருக்கு. அது வந்தாலும் போனாலும் பேரு அங்கதான் இருக்கும்."

"தள்ளாதா?"

"தள்ளாது."

சித்தப்பா சொன்னதை நான் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினேன். சொல்லிவிட்டேன். சிலுவை இல்லாவிட்டால் உங்களை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று ஊர் பேசுமாம், அதற்காகத்தான் அவர் அப்படி நிற்கிறாராம், போனில் அழுதார் என்றேன்.

அம்மா சட்டென்று திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு கோபம். "யாரு? இவியளா? விட்டுட்டுப் போற ஆளா இவிய? கடலுக்குப் போற அன்னைக்கும் பிள்ளைக்கு டவுண்ல இருந்து செருப்பு வாங்கியாறேன்னு சொல்லிட்டுப் போன மனுசன். எவன் சொல்லுவான் அப்பிடி?"

"ஒருத்தரும் இன்னும் சொல்லல்ல அக்கா. சொல்லிரப்பிடாதுன்னுதான்."

அவர் திரையைப் பார்த்தார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், அதை மறைக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துவிட்டு, மௌஸைத் தானே எடுத்து, அம்பை அந்தக் கண்ணில் கொண்டுவந்து நிறுத்த ரொம்பக் கஷ்டப்பட்டார். நான் கை கொடுக்கப் போனேன், வேண்டாம் என்று தலையாட்டினார். கடைசியில் அமுக்கினார். சிலுவை வந்தது. கையை எடுத்துவிட்டார்.

"இருக்கட்டும். இப்பிடியே அடி," என்றார்.

"கோயிலுக்கு வருவியளா?"

"வராம? எனக்க பிள்ள கல்யாணம்லா."

எழுந்து வாசல்வரை போனவர் பாத்திரத்தைத் தூக்காமல் திரும்பி வந்தார். "மோளே, ஒரு காரியம் கேக்கட்டா?"

"சொல்லுங்க."

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சிலுவ இல்லாம அடிச்சுத் தருவியா? ஒருத்தருக்கும் காட்டமாட்டேன். எனக்க பெட்டியில வச்சுக்கிடுவேன்."

எதற்கு என்று அவரே சொன்னார்.

"அவிய வந்தா, மோளுக்க கல்யாணக் கார்ட கேப்பாவல்லா. சிலுவயப் போட்டத எப்பிடிக் காட்டுவேன்?"

சிவகாசி அட்டைக்கெல்லாம் காத்திருக்கவில்லை. கடையில் இருந்ததில் நல்ல அட்டையாக ஒன்றை எடுத்து, அந்த லேயரை மறைத்துவிட்டு, ஒன்றே ஒன்று அடித்தேன். மை காயும்வரை அவர் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார். கார்டை ஒரு கவருக்குள் வைத்தேன். மேலே யார் பெயர் எழுத என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பேனாவை எடுத்துக் கல்யாணப் பெண்ணின் அப்பா பெயரை எழுதிக் கொடுத்தேன்.