எஞ்சினுக்குள் ஏரித்தண்ணீர்

நவம்பர் ஆறு, வியாழன். அன்றிரவு மைனஸ் ஐந்து என்று வானிலை சொன்னது. மறுநாள் இரண்டு மணிக்குக் கிரேன் வந்து அன்ரனெற்றின் படகை ஏரியிலிருந்து தூக்கும். அந்த முறை தவறினால் இனிக் கிரேன் இல்லை.

ஐம்பத்து நான்கு வயது அன்ரனெற் கிறிஸ்தவள். இரவில் மல்வேர்னில் உள்ள முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறாள். கோடையில், ஸ்காபரோ மரீனா என்ற படகுத்துறையில் கட்டியிருக்கும் தன் படகில் சைவக் குடும்பங்களை ஏற்றிப்போய் அஸ்தி கரைத்துக் கூட்டிவருகிறாள். ஊரில் என்றால் இதற்குக் கீரிமலைக் கடல். இங்கே ஒன்ராறியோ ஏரி.

பனிக்காலத்துக்கு எஞ்சினைத் தயார்செய்யும் வேலையில் பாதி முடிந்திருந்தது. தாங்கி நிறையப் பெற்றோல் அடித்து, அது பழுதாகாமலிருக்க மருந்து கலந்து, எஞ்சினை ஓடவிட்டு அந்தப் பெற்றோலை உள்ளே வரை சேர்த்துவிட்டாள். பெற்றோலில் இருந்து தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்ரரும் புதிது. மிச்சம் ஒன்றுதான்: எஞ்சினைக் குளிர்விக்க உள்ளே இழுத்த ஏரித்தண்ணீரை வடித்துவிட்டு, உறையாத இளஞ்சிவப்புத் திரவத்தை நிரப்புவது. வடிக்காவிட்டால் தண்ணீர் உறைந்து இரும்பைப் பிளந்துவிடும்.

பக்கத்துப் படகுக்காரர் எல்லோரும் ஒக்ரோபரிலேயே முடித்துவிட்டார்கள். அன்ரனெற் இழுத்தடித்ததற்குக் காரணம் ரதி. இல்லத்தில் அவளுடன் இரவு வேலை செய்தவள். செப்ரெம்பரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி கையைப் பிடித்தாள். "என்னை உம்மடை படகிலைதான் கொண்டுபோகவேணும். மனுசன் கத்தும். கத்தட்டும்."

அன்ரனெற் ஓம் என்றாள். ஒக்ரோபரில் ரதி கண்ணை மூடினாள். ஆனால் அந்த மனுசனுக்குப் போன் எடுக்க மாட்டாள். அவர்தான் ஸ்ரீஸ்கந்தராசா. போன வருசம் கோயில் வட்ஸ்அப் குழுவில், மீன் நாறுகிற வேதக்காரியின் படகில் எங்கள் சனத்தின் அஸ்தியா என்று குரல் பதிந்து போட்டவர். அந்தக் கோடையில் பாதிப்பேர் வேறொருவனின் படகுக்குப் போய்விட்டார்கள். வருகிறதென்றால் அவரே வந்து கேட்கட்டும்.

வடிகுழாயின் மூடியில் திருகுசாவியைப் போட்டபோது பலகைப் பாதையில் காலடி கேட்டது. ஸ்ரீஸ்கந்தராசா. பின்னால் மகள் நிலாணி.

"உது இன்னும் ஓடுமோ?"

"ஓடும். உங்கடை ஆள் எங்கை, அந்தச் சுத்தமான படகுக்காரன்?"

"அவன் படகைப் பிளாஸ்ரிக்காலை சுத்திக் கட்டிப்போட்டான்." அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஞாயிறு காலமை எட்டுக்கு நில்லும். ஐயர் நேரம் சொல்லிப்போட்டார்."

"ஞாயிறு படகு கரையிலை நிக்கும். இண்டைக்கு, இல்லாட்டி மே மாதம்."

"முப்பத்தோராம் நாள் ஞாயிறுதான். அந்தியேட்டிக் கிரியை அண்டைக்குத்தான் கரைக்கிறது. வேதக்காரருக்கு உதெங்கை விளங்கப்போகுது."

"இரவு மைனஸ் ஐஞ்சு. ஐயரைக் கேட்டு அதையும் ஞாயிறுக்குத் தள்ளிவிடுங்கோவன்."

"ஒரு ஹீற்றரை வைச்சால் என்ன?"

"கரன்ரை வெட்டிப்போட்டாங்கள். நீங்கள் இரவிரவா இருந்து ஊதுவியளோ?"

நிலாணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "அப்பா, ஸ்ரொப். அம்மாவைக் காரிலை கொண்டந்திட்டன்."

"ஆரைக் கேட்டு?"

"அம்மாவைக் கேட்டு."

அவள் போய் அஸ்திப் பெட்டியுடன் வந்தாள். வீட்டில் போட்ட மாலை அதைச் சுற்றியே இருந்தது. அவள் ஏறினாள். அவர் ஏறவில்லை. அன்ரனெற் கயிறுகளை அவிழ்த்தாள். கடைசிக் கயிறு கழன்றபோது அவர் தடுமாறிக்கொண்டு காலை வைத்து ஏறி உட்கார்ந்தார். அன்ரனெற் மிதவைச் சட்டையை அவர் மடியில் எறிந்தாள்.

கரை சிறுத்ததும் எஞ்சினை நிறுத்தினாள். நிலாணி பெட்டியைத் திறந்தாள். அவர் அதைப் பறித்து, குனிந்து, தானே கரைத்தார்.

"நல்ல குளிர், ரதி," என்றார் தண்ணீரிடம்.

அது தன் காதில் விழுந்ததற்காக அன்ரனெற்றுக்கு அவர்மேல் இன்னும் கோபம் வந்தது.

"பூவை உருவிப் போடுங்கோ," என்றாள். "நூல் வேண்டாம். எஞ்சின் இழுக்கும்."

அவர் அவளை நேராகப் பார்த்தார். பிறகு மாலையை முழுதாக எறிந்தார்.

திரும்பும் வழியில் எச்சரிக்கை மணி அலறியது. தண்ணீர் போகாமல் எஞ்சின் கொதித்தது.

"பழைய எஞ்சின்," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

அன்ரனெற் நிறுத்தி, தண்ணீர் உள்ளே வரும் அடைப்பானைப் பூட்டி, வடிகட்டியைக் கழற்றினாள். விரல்கள் விறைத்தன. செவ்வந்தி இதழ்கள், அவற்றுக்கிடையில் சுருண்ட நூல். ஒரு முழத்துக்கு மேல் இழுத்து எடுத்து, தண்ணீர் சொட்டச் சொட்ட அவர் மடியில் வைத்தாள். அவர் அதை எடுக்கவும் இல்லை, எறியவும் இல்லை.

கரையில் இறங்கியதும் அவருக்குக் குரல் வந்தது. "நாளும் பாராமல் கரைக்க வைச்சனீர். குழுவிலை போடுவன்."

"போடுங்கோ. பேரைச் சரியாச் சொல்லுங்கோ. அன்ரனெற்."

"தாங்ஸ் அன்ரி," என்றாள் நிலாணி, மெதுவாக.

"போ பிள்ளை. கொப்பரைக் கூட்டிக்கொண்டு போ."

ஓடிய ஓட்டத்தில் தாங்கி குறைந்திருந்தது. வெற்றிடம் விட்டால் குளிருக்கு உள்ளே நீர் கோக்கும். கானில் பெற்றோல் கொண்டுவந்து மருந்துடன் மறுபடி நிரப்பினாள். எஞ்சினை வடித்தாள். வடிகுழாயிலிருந்து கடைசியாக ஒரு செவ்வந்தி இதழ் விழுந்தது. திரவத்தை ஊற்றி, பின்பக்கக் குழாயில் இளஞ்சிவப்பு வரும்வரை ஓடவிட்டு, வாளியில் ஏந்தினாள். இரும்பு துருப்பிடிக்காமலிருக்க எண்ணெயை உள்ளே தெளித்ததும் புகை கக்கி எஞ்சின் நின்றது.

ஞாயிறு அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு அவளுக்கு அழைப்பில்லை. நாளை இரண்டு மணிக்குக் கிரேன் வரும். படகு மே மாதம்வரை கரையில் நிற்கும்.