ஒரு மூடி நாய்த்துளசி எண்ணெய்

போன ஆவணியில் ஆர்.கே.பேட்டைக்குப் போனது ஊர் சுற்ற அல்ல. என் தங்கையின் கணவர் கும்மிடிப்பூண்டியில் இரும்பு ஆலையில் வேலை செய்கிறார். சர்க்கரை நோயாளி. ஷூ கடித்த புண் ஆறவில்லை. மூலிகையில் இந்த மாவட்டத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்பதால், "ஆஸ்பத்திரி எதுக்கு மச்சான், நாய்த்துளசி எண்ணெய் எடுத்தாறேன், ஒரே வாரம்" என்று சொல்லிவிட்டேன். அவரும் நம்பிக் காத்திருந்தார்.

திருநின்றவூரில் காலை 6.10 மின்சார ரயில். திருத்தணிக்கு டிக்கெட் பதினைந்து ரூபாய். அங்கிருந்து ஆர்.கே.பேட்டைக்குப் பேருந்தில் முக்கால் மணி நேரம். பிறகு மூன்று கிலோமீட்டர் நடந்தால் கரடு, அதாவது பாறைக் குன்று. நாய்த்துளசி முழங்கால் உயரச் செடி. எனக்கு மட்டும் தோளளவு நின்றது. வழியில் என் தொடை பருமனுக்கு ஒரு சாரைப்பாம்பு. முறைத்தேன், போய்விட்டது.

ஆடு மேய்த்த ஒரு அம்மா சிரித்தார். "இன்னா சாமி, ஆடே தொடாத செடிய மூட்ட கட்டிக்கினு போற?"

"ஆடு தொடாததைக் கிருமியும் தொடாதும்மா" என்றேன். நானே கண்டுபிடித்த விஞ்ஞானம்.

வீட்டில் குக்கர் விசிலைக் கழற்றிக் குழாய் மாட்டி, நீராவியை ஐஸ் தண்ணீரில் குளிரவைத்தேன். ஒரு சாக்குச் செடிக்கு ஒரு மூடி எண்ணெய் தேறியது. தெருவே மணத்தது.

தங்கை மகள் எஸ்தர் ஒரு மருந்துக் கம்பெனியில் கிருமி பார்க்கும் ஆய்வகத்தில் இருக்கிறாள். "மொதல்ல டெஸ்ட் பண்றேன் மாமா, அப்பால நைனா கால்ல வை" என்றாள். மேலாளரிடம் அனுமதி கேட்டுவிட்டுச் சில சொட்டு வாங்கிப் போனாள். மூன்றாம் நாள் பெரியபாளையம் வழியாக ஸ்கூட்டரில் நாற்பது கிலோமீட்டர் போனேன். புதுவாயல் கூட்டுரோடு டீக்கடைக்கு ஷிப்ட் முடிந்து வந்தவள், செல்போனில் படம் காட்டினாள். கண்ணாடித் தட்டு முழுக்க வெள்ளையாகக் கிருமி. என் எண்ணெய் வைத்த இடத்தைச் சுற்றி மட்டும் எட்டணா அளவு சுத்தமான வட்டம். டீக்கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இரு மாமா, பீத்திக்காத. இத்தயும் பாரு." அடுத்த படத்தில் வட்டம் இரண்டு மடங்கு.

"இது இன்னா எண்ணெய்?"

"கக்கூஸ் கழுவுற பினாயில். நைனா கால்ல ஊத்துவியா?"

என் டீ ஆறிப்போனது.

"தட்டுல கிருமி மட்டுந்தான் கீது. கால்ல சதை கீது, ரத்தம் கீது, சக்கரை கீது. நாங்க சொன்னா கேக்க மாட்றாரு. ஆஸ்பத்திரி வேணாம்னு சொன்ன வாயி உன்னுது, நீயே சொல்லு."

சொன்ன சொல்லை மாற்றி எனக்குப் பழக்கமில்லை. மச்சானிடம் போய், "எண்ணெய் ரெடி. ஆனா வீரியம் ஜாஸ்தி. டாக்டர் சுத்தம் பண்ணி, புண்ணு மூடினப்புறம்தான் தொடணும்" என்றேன். மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் விரலை எடுத்திருப்போம் என்றார் டாக்டர்.

கரட்டுக்குப் போகிறவர்கள் ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள், வெயில் ஏறினால் தாங்காது. இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். குக்கரை வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள். ஆறாத புண்ணோடு யாராவது உங்களுக்காகக் காத்திருந்தால், ரயிலேறும் முன் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள்.

மச்சான் இப்போது வேலைக்குப் போகிறார். "உன் எண்ணெய்க்குப் பயந்தே ஆறிடுச்சு மச்சான்" என்று கிண்டல் செய்கிறார். எண்ணெய்ப் புட்டியை நான் அதற்குப் பிறகு திறக்கவில்லை. அலமாரிக் கதவைத் திறந்தாலே மணக்கிறது. அவரைக் காத்திருக்க வைத்த பத்து நாளும் கூடவே வந்து நிற்கின்றன.