அத்தானுக்கு நோகவில்லை, சப்பாத்துக்கு நொந்தது!

போன மாதம் அந்தோனியார் கோயில் பெருநாளுக்காக ஊர்காவற்றுறையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து எல்லோரிடமும் நான் கதைத்தது என்னவோ ஒரு சோடிச் சப்பாத்தைப் பற்றித்தான்!

அத்தான் கடற்றொழில் செய்பவர். நெடுநாள் நீரிழிவால் பாதங்கள் மரத்துவிட்டன. சென்ற வருடம் சிப்பி வெட்டியது தெரியாமலே நடந்து திரிந்து, புண் முற்றி, கடைசியில் ஒரு கால்விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

அதன் பிறகு கிளினிக் டாக்டர் ஒரு புதுச் சப்பாத்தைக் கொடுத்துப் பரீட்சித்துப் பார்க்கிறார். உள்ளே மெல்லிய அட்டை, அதற்குள் சென்சர்கள். பாதத்தில் எங்கே எவ்வளவு பாரம் என்று போன் திரையில் தெரியும்; ஓரிடத்தில் மட்டும் அழுத்தம் கூடினால் போன் கத்தும். அத்தானின் போன் மட்டுமல்ல... அக்காவின் போனும்!

விளைவு? "கரையிலை நிண்டு வலை இழுக்கிறன்" என்று அத்தான் போனில் சொன்னால், "பொய் சொல்லாதேங்கோ. காலிலை பாரமே இல்லை. எங்கையோ கதிரையிலை இருந்து காட்ஸ் விளையாடுறியள்" என்கிறாள் அக்கா.

பெருநாளன்றுதான் சிக்கல். ஊர்வலத்தில் அந்தோனியார் சுரூபத்தைத் தோளில் சுமப்பவர்கள் வெறுங்காலோடு நடப்பதுதான் அங்கே வழக்கம். வாலிப வயதிலிருந்து சுமந்த அத்தான், போன வருடம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து அழுதாராம். இந்த முறை வெறுங்காலோடு போக அக்கா விடவில்லை. சப்பாத்தோடு போக அவருக்கு மனம் வரவில்லை. பங்குத்தந்தையிடமே போய்க் கேட்டார்.

"அந்தோனியார் உம்மடை காலைப் பாக்கமாட்டார். போட்டுக்கொண்டு வாரும்" என்றார் அவர்.

ஊர்வலம் பாதி வழி வந்திருக்கும். அக்காவின் போன் கத்தியது. திரையில் வலது குதிக்கால் ஒரே சிவப்பு! சனத்தை விலக்கிக்கொண்டு அவள் ஓட, நான் பின்னால் ஓடினேன்.

"இஞ்சாருங்கோ, சுரூபத்தை வேறை ஆற்றையாவது தோளுக்கு மாத்திப்போட்டு வாங்கோ!"

"ஏனப்பா? எனக்கு ஒண்டும் நோகேல்லையே."

"நோகாததுதானே உங்கடை வருத்தம்! கழட்டுங்கோ."

மதிலோரம் உட்கார்ந்து கழற்றினார். உள்ளே ஒரு குறுணிக் கல். தோல் கன்றிச் சிவந்திருந்தது, நல்லவேளை, கிழியவில்லை. அந்தக் காலை மடியில் வைத்து, அக்கா சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

"உது தெரியாமல் கோயில் வரைக்கும் நடந்திருப்பன்" என்றார் அத்தான், மெதுவாக.

மீதி வழி அவர் சுமக்கவில்லை. ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோவில் ஏறி, மைக்கைப் பிடித்துப் பாட்டைத் தொடங்கினார். கரகரத்த குரல்தான். ஆனாலும் முழு ஊர்வலமும் அவர் பின்னால் பாடியது. அக்காவும்!

உடம்பில் நோவு வரக்கூடாது என்றுதானே நாமெல்லாம் மன்றாடுகிறோம்? நோவே வராத காலுக்கோ, வெளியிலிருந்து அதை இரவல் வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது! இனித் தலையிடி வந்தால் கொஞ்சம் மரியாதையாக நடத்துவதென்று முடிவெடுத்திருக்கிறேன்.

அக்காவுக்கு ஒரே ஒரு மனக்குறை. பெருநாள் சாப்பாடு முடிந்ததும் அத்தான் சீனிப்பாகு சொட்டும் ஒரு துண்டுத் தொதலை நைசாக வாயில் போட்டதைக் கண்டுவிட்டுச் சொன்னாள்:

"டொக்டரிட்டைக் கேக்கவேணும்... வாய்க்கும் உப்பிடி ஒண்டு வராதோ?"