புகைக்குழாயில் ஒரு முழத் துணி

நல்லம்மாளால் எதையும் மோந்து பார்க்காமல் இருக்க முடியாது. மலாயாவில் கிள்ளானுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில், ரப்பர் தாள்களைத் தரம் பிரிக்கும் கொட்டகையில் பத்து வருஷம் வேலை பார்த்தவள். தாளைக் கையில் எடுத்ததுமே, புகை போதவில்லை, ஈரம் போகவில்லை என்று மூக்கே அவளுக்குச் சொல்லிவிடும். இந்தக் குணம் கொட்டகையோடு நின்றிருந்தால், தொழிலாளர் குடியிருந்த லயத்தில் எல்லோரும் நிம்மதியாக இருந்திருப்பார்கள். அடுத்த வீட்டில் என்ன மீன் கொதிக்கிறது, யார் தலையில் யார் வீட்டு எண்ணெய் என்பதுவரை அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் அவளுடைய பச்சைச் சேலை ஒன்று கொடியில் காய்ந்துகொண்டிருந்தபோது ஒரு முழம் கிழிந்து காணாமல் போனது. பக்கத்து வீட்டுப் பவுனம்மாளின் குழந்தைத் தொட்டிலில் பச்சைத் துணி தெரிந்தது. நல்லம்மாளுக்கு அது போதும். தண்ணீர்க் குழாயடியில், இருபது பெண்கள் குடத்தோடு நிற்கும்போது, பவுனம்மாளைத் திருடி என்று சொல்லிவிட்டாள். அவளோடு பேச்சும் நின்றது.

அதே வாரம்தான் இன்னொரு வினை வந்தது. நல்லம்மாளின் புருஷன் அய்யாவு, தோட்டத் துரையின் கார் டிரைவர். மூன்று நாள் கோலாலம்பூரில் இருந்துவிட்டு ரயிலில் திரும்பிய துரைக்குக் காரில் ஏறியதும் தீய்ந்த நாற்றம் அடித்தது. இறங்கிக் குனிந்து பார்த்தார். புகைக்குழாயில் கைப்பிடி அளவு கறுப்பாக ஏதோ ஒட்டிக் கருகியிருந்தது. அது தார் என்று அவரே முடிவு செய்துகொண்டார். புதுத் தார் போட்டிருந்தது கிள்ளான் டவுனில் மட்டும். ஆகவே தான் இல்லாத நேரத்தில் அய்யாவு காரை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறான். சக்கரத்தைக் கழுவியவன் அடியைக் கழுவ மறந்துவிட்டான்.

"நாளைக்குக் காலையிலே உண்மை சொல்லு. இல்லே, கப்பல் லிஸ்ட்டுலே உன் பேரு" என்றார் துரை.

ரப்பர் விலை விழுந்து ஆட்களை மூட்டை முடிச்சோடு ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த வருஷம் அது. துரை மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை.

"டவுனுக்குப் போனீங்களா?" என்று வீட்டில் நல்லம்மாள் கேட்டாள்.

"போகல."

"அப்ப அது என்னா?"

"எனக்கென்னா தெரியும், விடு" என்று அய்யாவு தரையைப் பார்த்தான்.

விடுகிறவளா? சாயங்காலமே கார்க் கொட்டகைக்குப் போய்க் குழாயிலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்தாள். கிள்ளானிலிருந்து அரிசி ஏற்றி வந்த மாட்டு வண்டியின் சக்கரத்தில் நிஜத் தார் ஒட்டியிருந்தது. அதிலும் கொஞ்சம் சுரண்டினாள். இரண்டு பால் டின்களில் மண்ணெண்ணெய் ஊற்றி, ஒன்றில் இதையும் மற்றதில் அதையும் போட்டு மூடிவைத்தாள்.

காலையில் கார்க் கொட்டகை முன் துரை வந்து நின்றார். வேடிக்கை பார்க்கப் பாதி லயம் திரண்டிருந்தது. இடுப்பில் குழந்தையோடு பவுனம்மாளும் நின்றாள். நல்லம்மாள் டின்களைத் திறந்தாள். தார் போட்ட டின்னில் எண்ணெய் கோப்பித் தண்ணீராகக் கறுத்திருந்தது, கட்டியையே காணோம். மற்றதில் கட்டி கரையாமல், ஊறப்போட்ட கடலை மாதிரி உப்பிக் கிடந்தது.

"மண்ணெண்ணெ சிந்துன கித்தாத் தாளு இப்படித்தாங்க தொரை ஊதிப்போவும். இது தாரு இல்லீங்க, கித்தா" என்று அதைப் பிய்த்துக் காட்டினாள். கருகிய தோலுக்கு உள்ளே ரப்பர் இழுபட்டது.

துரைக்குக் கோபம் போய் ஆவல் வந்துவிட்டது. "கித்தா எப்படி வண்டிக்கு அடியிலே வந்தது? எடு, பாக்கலாம்."

எஞ்சினை ஓடவிட்டுக் குழாயைக் கை பொறுக்கும் அளவுக்குச் சூடாக்கச் சொன்னாள். எஞ்சினை நிறுத்தியபின் மண்ணெண்ணெயில் நனைத்த சாக்குத் துணியைச் சுற்றி ஊறவிட்டாள். அப்புறம் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு மூங்கில் சிம்பால் நெம்பினாள். இரும்பால் சுரண்டினால் குழாயில் கீறல் விழும். மேல் தோல் உதிர்ந்தது, அடியிலிருந்தது பிசினாக உரிந்து வந்தது. அதன் கடைசியில், எரியாமல் மிஞ்சிய ஒரு துணி கையோடு வந்தது.

பச்சை நிறம். அவளுடைய சேலைக் கரை.

கையை மூடிக்கொண்டாள். ஓட்டை வாளிக்கு ரப்பர் பாலில் துணியை நனைத்து ஒட்டுவது லயத்தில் எல்லோரும் செய்கிற காரியம். அவள் புருஷன், அறிவு கெட்ட மனுஷன், அதையே நெருப்பாய்க் கொதிக்கும் குழாய்க்குச் செய்திருக்கிறான். தார் இல்லை என்று ஆகிவிட்டது. இதோடு வாயை மூடினால் வேலை தப்பும். ஆனால் பவுனம்மாள் அங்கேதான் நின்றாள், திருடி என்ற பேரோடு. நல்லம்மாளுக்கு அவமானத்தில் கண் எரிந்தது. வெளியே வந்து கையை விரித்தாள்.

"இது எஞ் சேலைங்க தொரை."

அய்யாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "உங்கள ஸ்டேஷன்ல விட்டுட்டு வரும்போது ஜெஞ்சாரோம் ரோட்டுல கல்லு தட்டுச்சுங்க. ஓட்டை விழுந்து சத்தம் போட்டுச்சு. வேலை போயிரும்னு பயந்து ஒட்டுனேங்க."

"மிச்சத்தையும் எடு" என்றார் துரை. நல்லம்மாள் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். குழாய் பளிச்சென்று ஆனது, ஓட்டையும் தெரிந்தது. துரை குனிந்து பென்சிலால் அதன் ஓரத்தைக் குத்தினார். அப்பளமாக நொறுங்கிக் கொட்டியது. கல் பட்ட நசுங்கல் எங்கேயும் இல்லை.

"துரு. கல் இல்லே, பழைய குழாய்" என்றார். "அய்யாவு, இப்போ கிள்ளான் போ. புதுக் குழாய் போட்டு வா. அடுத்த தடவை வாய் தொறந்து சொல்லு."

கூட்டம் கலைந்தது. பவுனம்மாள் மட்டும் நகரவில்லை. நல்லம்மாள் கிட்டே போய், "தப்பு பண்ணிட்டேன் பவுனம்மா" என்றாள்.

"என்னைய இங்கயா திருடின்னு சொன்ன?"

சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் அதே இருபது குடங்கள் இருந்தன. நல்லம்மாள் நடுவில் போய் நின்றாள். "பவுனம்மா எடுக்கல. எடுத்தது எம் புருஷன். நான் சொன்னது பொய்."

பவுனம்மாள் குடத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுடி. கடைசி வீட்டுக்குக் கேக்கல."