சாட்சிக்காக மறைச்ச புண்ணு

சர்ச்சுல, ஆண்டவர் செஞ்ச நன்மைய எழுந்து சொல்ற சாட்சி நேரம் வந்தா நான் கடைசி வரிசைல தலையக் குனிஞ்சுப்பேன். நாலு பேரு முன்னாடி எழுந்து நின்னு பேசறதெல்லாம் நமக்கு ஆகாது. எம் பொண்டாட்டி அப்படியே நேர் எதிர். கேஸ் சிலிண்டர் நேரத்துக்கு வந்தாகூட ஆண்டவருக்கு நன்றி சொல்ல மைக்கப் புடிச்சுடுவா. இன்னிக்கு இன்னா சாட்சின்னு நான் கலாய்ப்பேன். மொறைச்சுகினே போய்ச் சொல்லிட்டு வருவா.

எனக்கு சுகர். அம்பத்தூர் எஸ்டேட்ல தகடு அடிக்கற ஒரு பிரஸ் ஷாப்ல வேலை. நாள் பூரா சேஃப்டி ஷூவுக்குள்ள காலு வெந்துகினு கெடக்கும். அதுல வலது கால் சுண்டுவிரலாண்ட ஒரு புண்ணு வந்துச்சு. அந்த வருஷம் புத்தாண்டு ஆராதனைல நாங்க எடுத்த வாக்குத்தத்த அட்டையில, சுகம் தருவேன்னு ஆண்டவர் சொல்ற வசனம் வந்திருந்துச்சு. அதை எம் பொண்டாட்டி ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டி வெச்சிருந்தா. டாக்டர் குடுத்த மாத்திரைய நான் முழுங்கினேன், அவ எண்ணெய் பூசி ஜெபம் பண்ணினா. புண்ணு காஞ்சு பொருக்கு கட்டிச்சு.

அந்த ஞாயித்துக்கெழமையே எழுந்து நின்னா. ஆண்டவர் சொன்ன சொல்லு மாறாதவர், எங்க ஊட்டுக்காரருக்கு காலு நல்லாயிடுச்சுன்னு அழுதுகினே சொன்னா. சபையே கை தட்டிச்சு. விஷயம் மண்ணூர்பேட்டை தெரு பூரா பரவிப் போச்சு. பக்கத்து ஊட்டு அக்கா மாரியம்மன் கோயிலுக்குப் போறவங்க. அவங்களே வந்து, உங்க சாமிகிட்ட எம் பொண்ணுக்கும் கொஞ்சம் கேளும்மான்னு நின்னாங்க.

கொஞ்ச நாள்ல பொருக்கு கழண்டு உள்ள சீழ் கட்டியிருந்துச்சு. புத்தி இருக்கறவன் அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பான். நான் இன்னா பண்ணேன்? சாக்ஸ மாட்டிக்கினேன். இப்பப் போயி புண்ணு திரும்பிடுச்சுன்னா அவ மூஞ்சிய எங்க வெச்சிப்பா, ஆண்டவர் பேரு இன்னா ஆவறதுன்னு ஒரு நெனப்பு. கம்பெனி பாத்ரூம்ல கட்டு மாத்துவேன், நாத்தம் வராம பவுடர் கொட்டிப்பேன். இன்னாங்க ஊட்டுலயும் சாக்ஸோட கீறீங்கன்னு கேட்டா, குளுருதுன்னு சொல்லுவேன். மெட்ராஸ் வெயில்ல குளுராம்! அதையும் அவ நம்பினா.

கடைசில ஜுரம் ஏறி மெஷின் பக்கத்துலயே வுழுந்தேன். கணுக்கால் வரைக்கும் எடுக்க வேண்டி வரலாம்னு டாக்டர் சொன்னாரு. ரெண்டு விரலோட நின்னுச்சு. அதுவே ஆண்டவர் காப்பாத்தினதுதான், எனக்கு அதுல சந்தேகமே இல்ல.

ஆனா அவ அதோட சாட்சி சொல்றத வுட்டுட்டா. சுகர் காலு மரத்துப் போச்சு, அதான் இவருக்கே தெரியலன்னு நெனச்சுகினா. தான் அவசரப்பட்டுப் பெருமை பேசினதாலதான் விரலு போச்சுன்னு மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டா. சாட்சி நேரத்துல என் பக்கத்துலயே தலையக் குனிஞ்சு உக்காந்துப்பா. அவ அப்படி உக்காந்திருக்கறது என்னாலதான்னு எனக்குத் தெரியும். மாசக்கணக்கா வாயத் தொறக்காம இருந்துட்டு, ஒரு நாள் காலைல அவ காய் அரியும்போது எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

கத்துவான்னு நெனச்சேன். அவ கத்தல. கத்திய கீழ வெச்சுட்டுக் கேட்டா.

"ஆண்டவர் பேர நீங்க காப்பாத்தணும்னு யாருங்க கேட்டது? அவரு நம்மள காப்பாத்துவாருன்னுதானே நான் எழுந்து நின்னேன். புண்ணு திரும்பிடுச்சுன்னு சொல்லியிருந்தா அடுத்த வாரமும் நின்னிருப்பேன், எங்களுக்காக ஜெபம் பண்ணுங்கன்னு கேட்டிருப்பேன். கையோட உங்கள டாக்டர்கிட்டயும் இட்டுனு போயிருப்பேன்."

அவ நம்பினா. கை தட்டினவங்க நம்பினாங்க. அந்த அக்காகூட நம்பினாங்க. நம்பாதவன் நான் ஒருத்தன்தான். ஆண்டவர் கைவுட்டுட்டாருன்னு நானே முடிவு கட்டி, அது வெளிய தெரியக் கூடாதுன்னு மூடி மூடி வெச்சேன். அவகிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம், பாவி நான்.

சொன்ன பெறவும் அவ மைக் பக்கம் போவல. பழக்கம் வுட்டுப் போச்சுங்கன்றா. விரலப் பத்தி நான் ஆண்டவர்கிட்ட ஒண்ணும் கேக்கறதில்ல. சாட்சி நேரத்துல அவள ஒரு வாட்டி எழுப்பி வுடுன்னுதான் கேக்கறேன். இன்னும் எழுந்துக்கல. நான் கேட்டுகினுதான் கீறேன்.