தண்ணீர் விழாத சீசன்

தென்காசியில் வீடு இருப்பவர்களுக்கு ஆனி பிறந்ததும் சொந்தக்காரர்கள் பெருகிவிடுவார்கள். வருடம் முழுக்க நாம் இருக்கிறோமா இல்லையா என்றுகூடக் கேட்காதவர்கள், மலையில் மேகம் இறங்கியதும் போன் போட்டு "அருவியில தண்ணி விழுதா?" என்பார்கள். நம்முடைய சுகம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் உரிமை அப்பாவுக்கு மட்டுமே உண்டு. போலீஸில் ஏட்டாக இருந்தவர். சீசன்தோறும் குற்றாலம் மெயின் அருவியில் விசில் ஊதிக் கூட்டத்தை விரட்டியவர். ஓய்வு பெற்றதும் சொந்தக்காரர்களை விரட்ட ஆரம்பித்தார். யார் எந்த அருவிக்குப் போக வேண்டும், எப்போது எண்ணெய் தேய்க்க வேண்டும், எப்போது வெளியே வர வேண்டும், எல்லாம் அவர் உத்தரவு. வந்தவர்களும் அதைச் சந்தோஷமாகவே பொறுத்துக்கொண்டார்கள். சாப்பாடும் படுக்கையும் இலவசம் அல்லவா.

போன வருடம் சித்திரையில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கால் விழுந்துவிட்டது, இடது கையில் பாதிப் பலம்தான் இருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு பேச்சு குழறியது. வீட்டிலிருந்தே செய்கிற வேலை என்பதால், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நான் தென்காசிக்கே வந்துவிட்டேன். பிடித்துக்கொண்டாவது நடக்க வேண்டும், படுத்தே கிடந்தால் கால் இறுகிப்போகும், அப்புறம் எழுப்பவே முடியாது என்று பிசியோதெரபிக்காரர் எச்சரித்திருந்தார். வாக்கர் வாங்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தோம். அப்பா அதைத் தொடவில்லை. வீணாகக் கிடப்பானேன் என்று அம்மா அதில் துண்டு காயப்போட்டாள்.

சாரல் தொடங்கிய அன்று அப்பா என்னைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவர் பேச்சு அப்போது அம்மாவுக்கு மட்டும்தான் புரியும், அவள்தான் எடுத்துச் சொன்னாள். யார் கேட்டாலும் தண்ணீர் விழவில்லை என்று சொல்ல வேண்டுமாம். போனில் விசாரித்ததே போதும், தன்னை இந்தக் கோலத்தில் ஒருத்தரும் வந்து பார்க்கக் கூடாதாம்.

எனக்குப் பொய் நன்றாக வரும். மதுரைப் பெரியப்பாவிடம், அருவி நூல் மாதிரி வடிகிறது, தலை நனைக்கவே மதியம் ஆகிவிடும் என்றேன். அவர் எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டு வைத்தார். கோயம்புத்தூர்ச் சித்தி டிவியில் அருவியைப் பார்த்துவிட்டாள். அவளிடம் இந்தக் கதை எடுபடாது. ஆகவே வெள்ளம், மரக்கட்டை உருண்டு வருகிறது, குளிக்கத் தடை என்றேன். சென்னை அத்தானுக்கு வெள்ளமும் வேண்டாம், வறட்சியும் வேண்டாம் என்று குரங்குகளை அனுப்பினேன். அவை ஆளைக் கடித்து, ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்காத அளவுக்குப் போய்விட்டது.

அப்பா படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். போனை வைத்ததும், குரங்கைக் கொஞ்சம் குறைத்துக்கொள் என்று அம்மா வழியாகத் திருத்தம் சொல்வார். கோணிய வாயால் சிரிக்கவும் செய்தார். அந்தச் சிரிப்புக்காகவே நான் இன்னும் கூட்டிச் சொன்னேன். ஆனால் போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அவர் கால் அசையாமல் கிடக்கும். அப்போதெல்லாம் எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வரும். ஆள் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று அவரைக் கட்டிலோடு கட்டிப்போடுகிறவள் நான்தானோ என்று பயமாக இருந்தது.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில்தான் குட்டு உடைந்தது. பெரியப்பா வறட்சியை நினைத்து வருந்தினார். சித்தி வெள்ளத்தை நினைத்து வருந்தினாள். ஒரே நாளில் ஒரே அருவி எப்படி என்று இருவரும் சண்டை போட, அத்தான் நடுவில் புகுந்து குரங்குகளைப் பற்றி விசாரித்தார். நான் போனைச் சைலண்ட்டில் போட்டுவிட்டு ஒளிந்துகொண்டேன்.

குழுவில் ஒன்றும் பேசாதவள் புளியங்குடி அத்தை மட்டும். அப்பாவின் தங்கை. அங்கே எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருக்கும் குடும்பம். அவள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தாலே மலை தெரியும். அவளை ஏமாற்ற முடியாது. மறுநாள் காலையில் பை நிறைய எலுமிச்சையும் சொட்டுகிற குடையுமாக வந்து நின்றாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அத்தை அழவில்லை, அய்யோ பாவம் என்று சொல்லவில்லை. குடையை வாக்கரில் மாட்டிவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். வாசலில் ஆட்டோ நிற்கிறது, புலியருவிக்குப் போகலாம், கிளம்பு என்றாள்.

புலியருவி சின்ன அருவி. குழந்தைகளும் வயசானவர்களும் பயப்படாமல் குளிக்கிற இடம். அப்பாவுக்கு அது அருவியே இல்லை, ஒழுகுகிற ஓடு. எங்களை ஒருநாளும் அங்கே விட்டதில்லை. அந்தப் பெயரைக் கேட்டதும் சுவரை விட்டு இந்தப் பக்கம் திரும்பினார்.

"செத்தாலும் அங்கன போமாட்டேன்" என்றார். முதல் தடவையாக எனக்கே முழுசாகப் புரிந்தது.

"அப்ப மெயின் அருவிக்கே போவோம்ணே. டியூட்டில நிக்கவன் பூரா ஒனக்குத் தெரிஞ்சவன். எங்கன போவோம், நீயே சொல்லு" என்றாள் அத்தை.

அப்பா இரண்டு அருவிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். அவர் வேலை பார்த்த காலத்தில் கைதிகள் இப்படித்தான் மாட்டியிருப்பார்கள். கடைசியில் ஒழுகுகிற ஓட்டையே தேர்ந்தெடுத்தார். வாக்கரிலிருந்து துண்டையும் குடையையும் எடுத்துவிட்டு, அதை அவர் முன்னால் வைத்தோம்.

புலியருவியில் நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டோம். அப்பா தலையைத் தூக்காமல் அடியெடுத்து வைத்தார். யாராவது பார்க்கிறார்களா என்று அவருக்காக நானும் சுற்றிப் பார்த்தேன். ஒருத்தரும் பார்க்கவில்லை. எல்லோருக்கும் அவரவர் குளிர்தான் பெரிதாக இருந்தது. எண்ணெய் வழிகிற ஒரு பெரியவர் அப்பாவை முழங்கையால் இடித்து, தள்ளி நில்லும்வே என்று அதட்டினார். வாழ்நாளெல்லாம் அடுத்தவரைத் தள்ளி நிற்கச் சொன்னவர், தானே தள்ளி நின்றார். தண்ணீர் தலையில் விழுந்தது. அத்தை குளிர் தாங்காமல் போட்ட சத்தத்தில் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பும்போது ஆட்டோவில், எல்லாரையும் வரச் சொல் என்றார். பொய் சொன்னவள்தான் சரிக்கட்ட வேண்டும் என்பதும் உத்தரவு. நானும் வறட்சி தீர்ந்தது, தடை நீங்கியது, குரங்குகள் மலையேறின என்று ஒவ்வொருவருக்காகப் போன் போட்டேன். அந்த வார இறுதியிலேயே அத்தனை பேரும் வந்து இறங்கிவிட்டார்கள்.

ஞாயிறு காலை. வீட்டில் இருப்பது ஒரே கக்கூஸ். அதற்கு முன்னால் சித்தி, அத்தான், அவர் பிள்ளைகள் என்று வரிசை நடுக்கூடம் வரை வந்திருந்தது. அப்பா தோளில் துண்டோடு, வாக்கரைப் பிடித்து மெல்ல மெல்ல வந்தார். பெரியப்பா பதறிப்போய், எல்லாரும் விலகுங்க, அவன் முதல்ல போகட்டும் என்றார். எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

அப்பா வாக்கரை வரிசையின் கடைசியில் ஊன்றினார். "நான் நிக்கேன்" என்றார்.

வழக்கம்போல எடுத்துச் சொல்ல அம்மா வாயைத் திறந்தாள். ஆனால் யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் புரிந்திருந்தது. வரிசை மறுபடி சேர்ந்துகொண்டது. அப்பாவுக்குப் பின்னால் போய் நானும் நின்றேன்.

ஏட்டி, ஏன் அழுத என்று பெரியப்பா கேட்டார். ரொம்ப அவசரம் என்று சொல்லிவிட்டேன்.